ஒரே சாலை, மூன்று பேரேடுகள்: களியக்காவிளை – நாகர்கோவில் தடம் குறித்த நிகழ்வு ஆய்வு

கழக்கூட்டத்தில் தொடங்கிக் காரோட்டில் முடியும் 43 கி.மீ. நீளப் புறவழிச்சாலையில் தடையின்றி வரும் ஒரு சரக்கு லாரி, தமிழ்நாட்டு எல்லையைத் தொட்ட சில நிமிடங்களில் களியக்காவிளையின் பழைய இருவழிச்சாலைக்குள் இறங்கி, ஏதோ ஒரு நகரப் பேருந்தின் பின்னால் ஊரத் தொடங்குகிறது. சாலையின் எண் மாறவில்லை. இரண்டு பக்கமும் அது தேசிய நெடுஞ்சாலை 66தான். கேரளத்தில் முக்கோலை முதல் காரோடு வரை கான்கிரீட் போட்டு முடித்த நான்கு வழிச்சாலையின் தொடர்ச்சி, இந்தப் பக்கத்தில் பல கெடுகள் கடந்த பின்னும் முழுமை பெறாததால், அந்த அகலத்துக்காகத் திட்டமிடப்பட்ட போக்குவரத்தையும் பழைய சாலையே சுமக்கிறது.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அந்தப் பழைய சாலையை, அதாவது களியக்காவிளையிலிருந்து படந்தாலுமூடு, குழித்துறை, மார்த்தாண்டம், சுவாமியார்மடம், அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் வழியாக நாகர்கோவிலை அடையும் ஏறத்தாழ 40 கி.மீ. தடத்தை. நாடு முழுவதும் போக்குவரத்துத் துறை விபத்து, கட்டமைப்பின் நிலை, பொருளாதாரப் பயன் என்ற மூன்று தலைப்புகளில் அளக்கப்படுகிறது. விபத்தைக் காவல்துறை எழுதுகிறது, சாலையின் நிலையை நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் எழுதுகிறார், தாமதத்தால் வரும் இழப்பை மீன் கமிஷன் கடைக்காரரும் பூ வியாபாரியும் தங்கள் சிட்டையில் எழுதிக்கொள்கிறார்கள். மூன்று பேரேடுகளும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. மூன்றிலும் எழுதப்படுவது ஒரே இடத்தில் ஒரே காரணத்தால் நேரும் இழப்பு என்பதும், அவற்றைச் சேர்த்து வாசிக்காத வரை எந்த ஒன்றையும் சரிசெய்ய இயலாது என்பதும் இங்கே வைக்கப்படும் கருத்து.

சாலை வந்த வழி

இன்று இத்தனை முறை பழிக்கப்படும் இந்தச் சாலை ஒரு காலத்தில் நாட்டுக்கே முன்மாதிரியாக இருந்தது என்பதை நினைவூட்டுவது பொருத்தமே. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் கான்கிரீட் சாலையைத் திருவிதாங்கூர் அரசு 1930களில் அமைத்தது. 1938இல் தொடங்கிய அரசுப் பேருந்துப் போக்குவரத்து முதலில் நம்பியிருந்தவற்றுள் ஒன்று இந்தத் தடம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தபோது, ஒரு தலைநகரத்தின் தெற்கு நோக்கிய சாலையாக இருந்தது, இரண்டு மாநிலங்களின் எல்லைச் சாலையாக மாறியது. இணைப்பின் அரசியல் நியாயத்தில் ஐயமில்லை. ஆனால் சாலை என்ற பொருளுக்கு அதன் விளைவு உண்டு: ஒரே தடத்தை இரண்டு அரசுகள் இரண்டு வேகத்தில் கட்டும் நிலை அன்றே தொடங்கிவிட்டது.

சேலத்திலிருந்து கொச்சி வழியாகக் கன்னியாகுமரி வந்த பழைய தேசிய நெடுஞ்சாலை 47இன் கடைசிப் பகுதியாக நெடுங்காலம் இது அறியப்பட்டது. 2010இல் நாடு முழுவதும் எண்கள் மாற்றப்பட்டபோது மும்பைக்கு அருகிலுள்ள பன்வேலிலிருந்து மேற்குக் கடற்கரை ஓரமாக 1,600 கி.மீ. வரும் நெடுஞ்சாலை 66இன் பகுதியானது. ஸ்ரீநகரில் தொடங்கும் நெடுஞ்சாலை 44ம் கன்னியாகுமரியில்தான் முடிகிறது. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு சென்று அதைத் தொடும் இணைப்புச் சாலைக்கு இப்போது 944 என்று எண். நாட்டின் இரண்டு நெடிய சாலைகள் முடியும் மாவட்டம் என்பதால் நெடுஞ்சாலைக் கொள்கையின் நன்மை தீமைகள் இங்கே கடைசியாக வந்து சேருகின்றன என்று சொல்லலாம்.

மற்ற மாவட்டங்களில் இருந்து வருவோர் முதலில் கவனிப்பது, இங்கே ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடைவெளியே இல்லாமல் ஒரு ஊரின் கடைசி வீட்டுக்கு அடுத்த வீடு அடுத்த ஊரின் முதல் வீடாக இருப்பதை. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374, சதுர கி.மீ.க்கு 1,111 பேர். மாநிலச் சராசரி 555 என்பதால், இது அதன் இரு மடங்கு. இந்த அடர்த்தி ஒரு நகரத்தில் குவிந்திருக்கவில்லை. சாலையின் இருமருங்கிலும் நூல் கோத்தாற்போல் நீண்டு கிடக்கிறது. தேவாலயம், பள்ளிக்கூடம், முந்திரி ஆலை, திருமண மண்டபம், நகைக்கடை எல்லாம் சாலையைப் பார்த்த வாசல் கொண்டவை. ‘ரோட்டுமேல் வீடு’ என்பது இங்கே சொத்தின் மதிப்பைக் கூட்டும் சொல். தேசிய நெடுஞ்சாலை என்று ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தாலும் நடைமுறையில் இது ஓர் ஊர்த்தெரு, நாற்பது கி.மீ. நீளமுள்ள ஊர்த்தெரு. அதனால் ஒரே தார்ப்பரப்பை மும்பையிலிருந்து வரும் கண்டெய்னரும், அழகியமண்டபத்தில் பால் வாங்கித் திரும்பும் முதியவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். இவ்விருவரின் வேகத்துக்கும் இடையே உள்ள வேறுபாடே கீழே வரும் புள்ளிவிவரங்களின் வேர்.

உயிர் குறித்த பேரேடு

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். முந்தைய ஆண்டைவிட விபத்து 11.9 விழுக்காடும் உயிரிழப்பு 9.4 விழுக்காடும் கூடுதல். 2023இல் இறந்தோர் எண்ணிக்கை 1.72 லட்சத்தைக் கடந்தது. நாளொன்றுக்கு நானூற்று எழுபது பேருக்கு மேல் என்ற கணக்கை, ஒரு பெரிய விமானம் ஒவ்வொரு நாளும் விழுவதற்கு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஒப்பீடு எனக்கு உவப்பானதன்று. விமான விபத்துக்குப் பின் நடக்கும் விசாரணை இந்த மரணங்கள் எதற்கும் நடப்பதில்லை என்ற முக்கிய வேறுபாட்டை அது மறைத்துவிடுகிறது.

இறந்தவர்களில் இருசக்கர வாகனத்தில் சென்றோர் 44.5 விழுக்காடு, நடந்து சென்றோர் 19.5 விழுக்காடு. இரண்டையும் கூட்டினால், இரும்புக் கூடு எதுவும் சுற்றியிராத உடல்கள் மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகின்றன. தேசிய நெடுஞ்சாலைகள் நாட்டின் மொத்தச் சாலை நீளமான 63 லட்சம் கி.மீ.யில் இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான்; உயிரிழப்பிலோ அவற்றின் பங்கு 36.2 விழுக்காடு. நெடுஞ்சாலையில் வாகனம் அதிகம், ஆகவே சாவும் அதிகம் என்று இதற்கு விடை சொல்வதுண்டு. ஓரளவு அது உண்மை. ஆனால் இறப்பவர் நெடுஞ்சாலையில் வெகுதூரம் பயணம் செய்பவரா, அதைக் குறுக்கே கடக்கும் உள்ளூர்க்காரரா என்ற கேள்வியைக் களியக்காவிளைத் தடம் நம்மைக் கேட்க வைக்கிறது. தலைக்கவசம் அணியாததால் 2022இல் ஐம்பதாயிரம் பேர் இறந்தார்கள் என்பதும் அதே அறிக்கையில் உள்ள செய்திதான். பக்கத்துக் கடைக்குப் போகிறவர் தலைக்கவசம் எடுப்பதில்லை என்பதை இத்தடத்தில் ஒரு காலைப்பொழுது நின்றாலே காணலாம். அவருக்கு அது தெரு. சட்டத்துக்கு அது நெடுஞ்சாலை.

தமிழ்நாடு விபத்து எண்ணிக்கையில் 2022இல் முதலிடம் பெற்றது: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். ஆனால் நூறு விபத்துக்கு எத்தனை உயிர் என்று பார்த்தால் நாட்டின் சராசரி 36.5, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28, உத்தரப்பிரதேசத்தில் 54. சிறு மோதலும் பதிவாகும் மாநிலத்தில் விபத்து எண்ணிக்கை கூடும். 108 ஆம்புலன்ஸ் விரைவில் வரும் இடத்தில் சாவு குறையும். இந்த இரண்டும் கலந்த ஒரு விகிதத்தை வைத்துக்கொண்டு மாநிலங்களை வரிசைப்படுத்துவது பயனற்ற வேலை. சிகிச்சைப் பக்கத்தில் மாநிலம் செய்ததைக் குறைத்து மதிப்பிடக் கூடாது: 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் காயமுற்றவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. இரண்டு மாநில வண்டிகள் கலந்தோடும் எல்லை மாவட்டத்தில் ‘எந்த மாநிலத்தவராயினும்’ என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. எனினும் மார்த்தாண்டத்தில் அடிபட்டவரை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் ஆம்புலன்ஸும், விபத்தை உண்டாக்கிய அதே நெரிசலுக்குள்தான் புகுந்து போக வேண்டியிருக்கிறது.

காரணம் எழுதும் முறைக்கு வருவோம். 2022இன் விபத்துகளில் 72.3 விழுக்காட்டுக்கு அதிவேகம் காரணம் என்று அறிக்கை கூறுகிறது. இந்த எண் எங்கிருந்து வருகிறது? காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையிலிருந்து. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 279, 304ஏ என்றும், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106 என்றும் எழுதப்படும் பிரிவுகள் ‘அசட்டையாகவும் கவனக்குறைவாகவும்’ ஓட்டிய ஒருவரைத் தேடுகின்றன. குற்றவாளி ஒருவர் வேண்டும் என்ற கேள்விக்கு ஓட்டுநர் என்ற விடைதான் கிடைக்கும். வளைவில் தார் ஓரம் நான்கு விரல் உயரத்துக்குச் சரிந்து கிடந்ததோ, தெருவிளக்கு எரியாததோ, நான்கு வழியிலிருந்து இருவழிக்கு இறங்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை இல்லாததோ அந்தப் படிவத்தின் மையத்துக்கு வருவதில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாமல் சாலை அமைத்தவருக்கும் வடிவமைத்தவருக்கும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் என்கிறது. சட்டம் இருக்கிறது, அதை நோக்கிச் செல்லும் விசாரணைப் பாதைதான் இல்லை.

இங்கே பக்கத்திலேயே ஓடும் ரயிலைப் பார்ப்பது பாடம் தரும். திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி ரயில்பாதை 1979இல் திறக்கப்பட்டது. நாகர்கோவில் – திருநெல்வேலி 1981இல். ரயிலில் ஒரு விபரீதம் நடந்தால், ரயில்வே அமைச்சகத்துக்குக் கட்டுப்படாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிக்கிறார். சிக்னலா, தண்டவாளமா, மனிதத் தவறா என்று வகைப்படுத்துகிறார். ஆளில்லா லெவல் கிராசிங்குகள் அகலப்பாதைகளில் 2019 ஜனவரிக்குள் முற்றாக நீக்கப்பட்டன. கேட்டில் நின்று கவனமாக இருங்கள் என்று வாகன ஓட்டிகளுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டே இருக்காமல், தவறு நேரக்கூடிய இடத்தையே எடுத்துவிட்டார்கள். 2014–15இல் 135ஆக இருந்த பெரிய ரயில் விபத்துகள் 2023–24இல் 40ஆகக் குறைந்தன. 2023 ஜூன் 2 அன்று பாலசோரில் நடந்த கோரம் அந்தப் பெருமையை ஆட்டிவைத்தது உண்மை; ஆனால் அங்கும் சிக்னல் இணைப்பில் நேர்ந்த பிழை என்று காரணத்தைத் தேடிப் பிடிக்க ஒரு முறை இருந்தது. சாலையில் அந்த முறை பிறக்கவே இல்லை.

சாலையின் உடல்நிலை குறித்த பேரேடு

தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் 2014இல் 91,287 கி.மீ.; பத்தாண்டுகளில் 1,46,000 கி.மீ.யைக் கடந்தது. 2020–21இல் 13,327 கி.மீ. அமைக்கப்பட்டது, நாளொன்றுக்கு 36.5 கி.மீ. நான்கு வழியும் அதற்கு மேலும் உள்ள சாலைகளின் நீளம் 18,000 கி.மீ. அளவிலிருந்து 46,000 கி.மீ.யாகப் பெருகியது. இவை பெரும் சாதனைகள் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ‘நாளொன்றுக்கு எத்தனை கி.மீ.’ என்ற அளவுகோல் கட்டுவதை மட்டுமே அளக்கும். கட்டியதைக் காப்பதை அளக்காது. அமைச்சகத்தின் ஆண்டு நிதியில் 10 விழுக்காட்டையாவது பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று நிதி ஆயோக் 2018இல் பரிந்துரைத்ததற்கே காரணம், அந்த அளவுக்குக்கூட ஒதுக்கப்படவில்லை என்பதுதான்.

இத்தடத்தில் தார் ஏன் தாங்குவதில்லை என்பதற்கு ஊரில் ஒரே விடை: கமிஷன். அதை மறுக்கவோ நிறுவவோ என்னிடம் ஆவணம் இல்லை. ஆனால் அது ஒன்றே காரணம் என்று நிற்பவர்கள் அச்சுச்சுமையின், அதாவது வண்டியின் ஓர் அச்சு சாலை மேல் அழுத்தும் எடையின், கணக்கைக் கவனிப்பதில்லை. அமெரிக்காவின் இல்லினாயில் 1950களின் இறுதியில் நடந்த சோதனைகளிலிருந்து பெறப்பட்ட விதி, சாலைக்கு நேரும் சேதம் அச்சுச்சுமையின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடும் என்கிறது. சுமை இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. சுமை இருபது விழுக்காடு மட்டும் கூடினாலே சேதம் இரட்டிக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு, நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதித்த சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. சட்டப்படி ஏற்றிய வண்டியே முன்பைவிட ஏறத்தாழ அறுபது விழுக்காடு கூடுதல் சேதம் செய்கிறது என்று பொருள். லாரிக்காரருக்கு ஒரு நடைக்கு இரண்டு மூன்று டன் லாபம்; அதன் விலை சாலையின் கணக்கில் எழுதப்பட்டது. அனுமதிக்கு மேல் ஏற்றுபவரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இத்தடத்தில் ஏறும் சுமை என்ன? பெரும்பகுதி கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும். கேரளத்தில் குவாரிகளுக்குக் கட்டுப்பாடு இறுகிய பின், குமரி, திருநெல்வேலி, தென்காசி மாவட்டக் குவாரிகளிலிருந்து டாரஸ் எனப்படும் கனரக லாரிகள் களியக்காவிளை நோக்கி அணிவகுத்தன. விழிஞ்ஞம் துறைமுகத்தின் ஏறத்தாழ 3 கி.மீ. நீள அலைத்தடுப்புச் சுவருக்கு வேண்டிய கல்லிலும் ஒரு பங்கு இந்தப் பக்கத்தில் இருந்தே போயிற்று. பள்ளி நேரத்தில் இவற்றை ஓடவிடாமல் மாவட்ட நிர்வாகம் நேரக் கட்டுப்பாடு விதிப்பதும், கட்டுப்பாடு தளர்வதும், ஒரு மரணத்துக்குப் பின் மறுபடி இறுகுவதும் வழக்கமாகிவிட்டது. கட்டுப்பாடு உயிரைக் காக்க உதவும்; ஆனால் அதே டன்கள் இரவில் போகும்போது சாலைக்கு நேரும் சேதம் ஒரு குன்றிமணி அளவும் குறைவதில்லை. அந்தச் சேதத்தில் விழுந்த பள்ளத்தைத் தவிர்க்க, மறுநாள் காலை ஒரு ஸ்கூட்டர் வலப்புறம் ஒடித்துப் பேருந்தின் முன் போகிறது. காவல்துறைப் பேரேட்டில் அது ‘கவனக்குறைவு’. பொறியாளரின் பேரேட்டில் அந்தப் பள்ளம் அடுத்த நிதியாண்டின் ஒட்டுப்பணி.

இதனோடு மழையும் சேர்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. தாருக்கு எதிரி வண்டியைவிடத் தண்ணீர்தான். தை முதல் வைகாசிக்குள் போட்ட தார்தான் நிலைக்கும். நிதி ஒதுக்கீட்டின் நாட்காட்டியோ மழையைப் பார்த்து ஓடுவதில்லை. சாலை ஓரத்து வடிகால் மீது கடைப்படிகள் ஏறிவிட்டதால், மழைநீர் சாலையையே ஓடையாக்கிக்கொள்கிறது. நாகர்கோவில் நகருக்குள் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி மூடிய இடங்கள் தனிக் கதை. 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயில்பாதையில் பல இடங்களில் மண் சரிந்து ரயில்கள் நின்றபோது, அந்தப் பயணிகளையும் இந்தச் சாலையே சுமக்க வேண்டியிருந்தது. மாற்றுவழி இல்லாத தடம் என்பதன் பொருள் அன்றுதான் பலருக்கும் புரிந்தது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தைச் சற்று விரிவாகப் பார்க்கத் தகும். பம்மத்துக்கும் குழித்துறைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை கி.மீ. நீளத்தில், இரும்புத் தூண்களும் இரும்பு உத்திரங்களுமாக எழுந்த பாலம் அது. நெரிசலான சந்தைக்கு நடுவே அகலமான அடித்தளத்துக்கு இடமில்லாத நிலையில் இரும்பைத் தேர்ந்தது பொறியியல் நோக்கில் அறிவான முடிவே. 2018இன் இறுதியில் வண்டிகள் ஓடத் தொடங்கின. 2019 மார்ச் 1 அன்று பார்வதிபுரம் மேம்பாலத்துடன் சேர்த்துப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். மார்த்தாண்டம் சந்திப்பில் முன்பு சிக்கிக் கிடந்த தொலைதூர வண்டிகள் இப்போது மேலே போய்விடுகின்றன என்பது உண்மையான பயன். ஆனால் பாலத்தின் இரு முனைகளும் இறங்குவது பழைய இருவழிச்சாலையில்தான். நெரிசல் ஒழியவில்லை, இரண்டு முனைக்கும் பிரிந்து போயிற்று. கீழே பேருந்து, ஆட்டோ, சந்தைக்கு வருவோர் அனைவரும் தூண்களுக்கு இரு பக்கமும் எஞ்சிய குறுகிய இடத்தில். 2024 மே மாதத்தில், திறந்து ஆறு ஆண்டுகூட ஆகாத நிலையில், பாலத்தின் மேல்தளத்தில் ஓர் இடம் உடைந்து ஓட்டை விழுந்து, போக்குவரத்தை நிறுத்திச் சீர்செய்ய நேர்ந்தது. அந்த நாட்களில் எல்லா வண்டியும் மீண்டும் கீழே வந்தபோது, மேம்பாலம் வருமுன் இருந்த சாலையைவிடக் குறுகிய சாலையாக அது இருந்தது, ஏனெனில் நடுவில் தூண்கள்.

2016 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் மகாட் அருகே சாவித்திரி ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அதுவும் அன்றைய மும்பை – கோவா நெடுஞ்சாலை, இன்றைய 66தான். அதையடுத்து அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்தியப் பால மேலாண்மை அமைப்பு, நாட்டின் பாலங்களுக்கு ஒவ்வொன்றாக எண்ணும் நிலைக்குறியீடும் தரும் பணியை மேற்கொண்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய பாலம்தான் விழும், புதியது நிற்கும் என்ற எண்ணத்தை மார்த்தாண்டம் குலைத்துவிட்டது. கட்டிய ஆண்டைக் கொண்டு ஆய்வின் இடைவெளியை வகுக்காமல், அதன் மேல் உருளும் அச்சுகளின் எண்ணிக்கையையும் எடையையும் கொண்டு வகுக்க வேண்டும்.

நான்கு வழிச்சாலை ஏன் முடியவில்லை என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை: மண். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் கொண்ட மாவட்டத்தில், தாழ்ந்த நன்செய் நிலங்களின் ஊடே சாலையை உயர்த்திப் போட லட்சக்கணக்கான லோடு மண் வேண்டும். அந்த மண்ணை எடுக்கும் இடமும் ஒரு குன்றோ குளமோதான். நிலம் இழந்தோரின் இழப்பீடு, குளங்களின் குறுக்கே மண்மேடு வேண்டாம், பாலம் வேண்டும் என்ற கோரிக்கை, மண்ணெடுக்க அனுமதி, ஒப்பந்தம் முறிந்து மறுஒப்பந்தம் என ஆண்டுகள் ஓடின. குளம் காக்கப் போராடியவர்களைத் திட்டத்தின் எதிரிகள் என்று பேசுவோர் இங்கு உண்டு. வரைபடம் தீட்டும்போதே குளங்களை எண்ணியிருந்தால் இந்தத் தாமதத்தில் பாதி நேர்ந்திராது என்பதே என் கருத்து.

வருமானம் குறித்த பேரேடு

சரக்குப் போக்குவரத்துக்கு இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 முதல் 14 விழுக்காடு என்று பல ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டது. 2022 செப்டம்பரில் வெளியான தேசியத் தளவாடக் கொள்கையும் அந்த எண்ணோடு சேர்த்தே பேசப்பட்டது. பின்னர் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வு மன்றம் 2021–22க்குச் செய்த மதிப்பீடு 7.8 முதல் 8.9 விழுக்காடு என்றது. சாலை விபத்துகளின் பொருளாதாரச் சுமையிலும் இதே நிலை: 3.14 விழுக்காடு என்று மேடைகளில் சொல்லப்பட்டது, அமைச்சகத்துக்காகச் செய்யப்பட்ட பிந்தைய ஆய்வில் 2018க்கு 1,47,114 கோடி ரூபாய், அதாவது 0.77 விழுக்காடு என்று வந்தது. சாலை ஓராண்டில் பாதியளவு சீராகிவிடவில்லை. எண்ணும் முறை மாறியது. ஆகவே சராசரிகளை நம்பி ஒரு தடத்தின் பொருளாதாரத்தைப் பேசுவதில் எச்சரிக்கை வேண்டும்.

தடத்தில் நின்று பார்த்தால் ஒரு மணி நேரத் தாமதம் என்பது எல்லோருக்கும் ஒரே விலையில் வருவதில்லை என்பது தெரியும். கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் ஷீட்டுக்கு ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் இறங்கும் மீனுக்கு அது ஐஸ் உருகும் நேரம். கேரளச் சந்தையின் ஏலம் முடிந்தபின் போய்ச் சேரும் மீன், கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டிய மீனாகி நிற்கும். தோவாளைச் சந்தையில் விடியுமுன் கட்டப்பட்டுத் திருவனந்தபுரம் போகும் பிச்சிக்கும் அரளிக்கும் ஓணக் காலத்தில் ஒரு மணி நேரம் என்றால் பாதி விலை. மட்டி வாழைக் குலைக்கு ஏற்றி இறக்கும் அடிதான் எதிரி, பள்ளத்தில் குலுங்கிய காய் கறுத்துவிடும். சாலையின் தரம் குறையும்போது முதலில் அடிபடுவது அழுகும் பொருளை விற்பவர். அவர்களில் பெரும்பாலோர் சிறு முதல் போட்டவர்கள். இந்த இழப்பு எந்த அரசுப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை, ஏனெனில் விற்காத விலைக்கு ரசீது கிடையாது.

சாலையைத் தொடாமலேயே பயணத்தைச் சுருக்கிய ஒரு நிகழ்வும் இதே இடத்தில் நடந்தது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு, சேவை வரி வந்தபோது எல்லையின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நீங்கின. களியக்காவிளையிலும் அப்பால் அமரவிளையிலும் லாரிகள் மணிக்கணக்கில் சீட்டுக்குக் காத்துநின்ற வரிசை கலைந்தது. ஒரு கூடை ஜல்லிகூடப் போடாமல் கிடைத்த நேரம் அது. ஆனால் அந்த நேரத்தைப் படந்தாலுமூடும் குழித்துறையும் சில ஆண்டுகளில் விழுங்கிவிட்டன. எல்லையில் ஒழுங்காக நின்ற வரிசை, ஊருக்குள் ஒழுங்கின்றி நகரும் வரிசையாயிற்று. 2025 மே மாதம் முறைப்படி அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் இப்போது பெரும்பாலும் கப்பலிலிருந்து கப்பலுக்குச் சரக்கு மாற்றும் இடம். சாலைவழிச் சரக்கு பெருகும் நாளில் தென்தமிழ்நாட்டை நோக்கிய கண்டெய்னர்கள் வரும் வழி காரோடுதான். 87 கி.மீ. திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இரட்டை ரயில்பாதைப் பணி முடிவதற்குள் அது நடந்தால், அந்தச் சுமையும் ஒற்றைப் பாதையின் கிராசிங்கில் காத்திருக்காமல் சாலைக்கே வரும்.

சேர்த்து வாசிக்கும் வேலை

அமைச்சகத்தின் வரையறைப்படி, தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ உண்டாக்கிய ஐந்து விபத்துகள் நேர்ந்தால், அல்லது பத்துப் பேர் இறந்தால், அந்த இடம் ‘கரும்புள்ளி’. வீடுகள் நூலாகக் கோத்த நாற்பது கி.மீ.யில் விபத்துகளும் நூலாகவே சிதறும். எந்த 500 மீட்டரும் ஐந்தைத் தொடாமல், தடம் முழுவதும் உயிர் போய்க்கொண்டே இருக்கலாம். இத்தகைய சாலைக்குப் புள்ளியைத் தேடும் வரையறை பொருந்தாது. தடம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளும் வரையறை வேண்டும்.

அதற்கான கருவி கையில் இருக்கிறது. சென்னை ஐஐடியும் தேசியத் தகவல் மையமும் உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் முதலில் நடைமுறைக்கு வந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காவலர் விபத்து நடந்த இடத்திலிருந்தே அட்சரேகை, தீர்க்கரேகையுடன் பதிகிறார். நெடுஞ்சாலைத் துறையின் ஒட்டுப்பணிக் கணக்கு கி.மீ. கல்லின்படி எழுதப்படுகிறது. டாரஸ் லாரிகளின் நடைச்சீட்டு கனிமவளத் துறையிடம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவில் இந்தத் துறைகளின் அதிகாரிகள் ஒரே மேசையில் அமர்கிறார்கள். களியக்காவிளை முதல் பார்வதிபுரம் வரை ஒவ்வொரு கி.மீ.க்கும் ஒரு வரி என்று நாற்பது வரிகள் கொண்ட ஒரு தாளில், அந்த ஆண்டு நேர்ந்த மரணம், கடைசியாகத் தார் போட்ட தேதி, கடந்து போன கல் லோடு ஆகிய மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி அந்த மேசையில் வைக்கலாம். அப்படி எழுதினால் எந்த வரி முதலில் கண்ணில் படும் என்பதை, பழைய சாலையில் தினமும் போய்வரும் பேருந்து ஓட்டுநர்கள் தாளைப் பார்க்காமலே சொல்வார்கள்.

நான்கு வழிச்சாலையைப் பகுதி பகுதியாகத் திறக்கும் எண்ணம் இருந்தால், திறக்கும் ஒவ்வொரு முனையிலும் வண்டி வேகத்தைத் தணிக்க எத்தனை மீட்டர் தூரம் தரப்படுகிறது, இறங்கும் இடத்தில் பள்ளிக்கூடமோ சந்தையோ உண்டா, விளக்கு உண்டா என்ற பாதுகாப்புத் தணிக்கையை ரிப்பன் வெட்டுமுன் முடிக்க வேண்டும். காரோடு முனையில் அதைச் செய்ய இன்னும் காலம் கடந்துவிடவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பொறியாளரும் இந்தப் பக்கத்துப் பொறியாளரும் சேர்ந்து நின்று பார்க்க வேண்டிய இடம் அது; இருவரும் ஒரே அமைச்சகத்தின் ஒரே எண்ணுள்ள சாலைக்குத்தான் பொறுப்பு.